வாசகர் கேள்வி பதில்: கனவளவும் அடர்த்தியும்

கேள்வி: வகுப்பில் அலுமினியக் கட்டி ஒன்றின் அடர்த்தியைக் காணும் செய்முறையைச் செய்தோம். கட்டியின் நீளம் 5 சென்ரிமீற்றர், அகலம் 4 சென்ரிமீற்றர், உயரம் 2.5 சென்ரிமீற்றர். தராசு 135 கிராம் காட்டியது. விடையைக் கனமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்று எழுதும்படி ஆசிரியர் கூறினார். எனக்கு 0.27 என்றும், ஒரு தோழிக்கு 0.0027 என்றும், இன்னொரு தோழிக்கு 2.7 என்றும் வந்தது. மூவரும் ஒரே அளவுகளைத்தான் எடுத்தோம், ஐயா. பிழை யாருடையது?
– தரம் 10 மாணவி, தலவாக்கலை

பதில்: மூன்று விடைகளிலும் உண்மையில் தவறான எண் உங்களுடையது மட்டுமே. 2.7 என்று எழுதியவர் 135 கிராமை 50 கன சென்ரிமீற்றரால் வகுத்திருக்கிறார். கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் என்பது அலுமினியத்தின் சரியான அடர்த்தி. கேட்ட அலகில் எழுதவில்லை என்பதுதான் அவருடைய குறை. 0.0027 என்று எழுதியவர் கிராமைக் கிலோகிராமாக மாற்றிவிட்டு, கனவளவைக் கன சென்ரிமீற்றரிலேயே விட்டுவிட்டார். கன சென்ரிமீற்றருக்கு 0.0027 கிலோகிராம் என்று அலகோடு எழுதினால் அதுவும் உண்மைதான், ஆனால் அப்படி ஓர் அலகில் யாரும் அடர்த்தியைச் சொல்வதில்லை. உங்கள் 0.27க்குப் பக்கத்திலோ, பாடநூலில் வழங்கும் எந்த அலகையும் எழுத முடியாது.

நீங்கள் செய்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. ஒரு மீற்றரில் 100 சென்ரிமீற்றர் இருப்பதால், 50 கன சென்ரிமீற்றரை 100ஆல் வகுத்து 0.5 கனமீற்றர் என்று கொண்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அடர்த்திக் கணக்குகளில் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை இதுவே. 100 என்பது நீளத்துக்குரிய எண். கனவளவில் நீளம், அகலம், உயரம் என்று மூன்று நீளங்கள் பெருக்கப்படுவதால் 100 என்ற எண்ணும் மூன்று முறை பெருக்கப்பட வேண்டும். வீடுகளில் வைத்திருக்கும் 1000 லீற்றர் நீர்த்தொட்டியின் கொள்ளளவு சரியாக ஒரு கனமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள சிறு கனக்கட்டிகளால் அதை நிரப்புவதாக எண்ணிப் பாருங்கள்: அடியில் ஒரு வரிசைக்கு 100, ஓர் அடுக்குக்கு 100 வரிசை, மேலே 100 அடுக்கு, ஆக மொத்தம் பத்து இலட்சம் கட்டிகள். அப்படியானால் உங்கள் 50 கட்டிகள் அந்தத் தொட்டியில் பாதி இடத்தை எப்படிப் பிடிக்கும்?

சரியான வழிகள் இரண்டு. முதல் வழியில், பெருக்குவதற்கு முன்னரே மூன்று நீளங்களையும் மீற்றராக்கிக்கொள்ளலாம்: 0.05 × 0.04 × 0.025 = 0.00005 கனமீற்றர். 0.135 கிலோகிராமை இதனால் வகுத்தால் 2700 கிடைக்கும். இரண்டாவது வழியில், முழுக்கணக்கையும் கிராமிலும் சென்ரிமீற்றரிலும் செய்து 2.7ஐப் பெற்றுக்கொண்டு, இறுதியில் 1000ஆல் பெருக்கலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனெனில் புள்ளிக்குப் பின்னால் பூச்சியங்களை எண்ணும்போது ஒன்று தவறிப்போவது எளிது. எந்த வழியானாலும் கணக்கின் ஒவ்வொரு வரியிலும் எண்ணுடன் அலகையும் எழுதிவாருங்கள். 0.5 என்று தனியே எழுதும்போது எழாத ஐயம், 0.5 கனமீற்றர் என்று எழுதும்போது எழக்கூடும்.

விடை வந்த பிறகு அதை நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. தலவாக்கலையின் காற்றுக்கே கனமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அடர்த்தி உண்டு. 0.27 என்பது அதிலும் குறைவு. உங்கள் விடை சரியாக இருந்திருந்தால், அந்தக் கட்டி மேசையில் இருந்திராமல் கூரையைப் போய் முட்டியிருக்கும்.

இன்னுமொன்று: உங்கள் கடிதத்தின் ஓரிடத்தில் திணிவு என்றும், வேறோர் இடத்தில் அதையே நிறை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நமது பாடநூல்களில் கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு, நியூற்றனில் அளக்கப்படுவது நிறை. தமிழ்நாட்டு நூல்களிலோ முன்னதுக்கு நிறை என்றும் பின்னதுக்கு எடை என்றும் பெயர். அங்கிருந்து வரும் வழிகாட்டி நூல்களைப் படிப்பதில் தவறில்லை, பரீட்சைத் தாளில் மட்டும் இங்குள்ள சொற்களையே கையாளுங்கள்.

கேள்வி: என்னிடம் நீல நிறக் கல் ஒன்று இருக்கிறது. அடர்த்தியைக் கொண்டு அது என்ன கல் என்று அறியலாம் எனக் கேள்விப்பட்டு, சிறிய இலத்திரனியல் தராசு ஒன்றை வாங்கினேன். கல்லைத் தராசில் வைத்தபோது 12.00 காட்டியது. பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். 0.60 காட்டியது. வகுத்தால் 20 வருகிறது. இப்படி ஒரு கல் உண்டா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: இல்லை. தங்கத்தின் அடர்த்தியே கன சென்ரிமீற்றருக்கு 19.3 கிராம்தான். உங்கள் முறையில் பிழையேதும் இல்லை. மாணவர்கள் அளவுச்சாடியில் கல்லைப் போட்டு நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார்கள். இவ்வளவு சிறிய கல்லுக்கு அது உதவாது, ஏனெனில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கோடு உள்ள சாடியில் அரை மில்லிலீற்றர் உயர்வை நம்பகமாக வாசிக்க இயலாது. நீங்கள் கையாண்ட முறையில், கல் இடம்பெயர்க்கும் நீரின் திணிவைத் தராசு காட்டுகிறது. ஒரு கன சென்ரிமீற்றர் நீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால், அந்த எண்ணே கல்லின் கனவளவாகவும் ஆகிவிடுகிறது.

பிழை தராசின் பொத்தானில் இருக்கிறது என்பது என் ஊகம். இவ்வகைத் தராசுகளில் ஒரே பொத்தான் கிராம், கரட், அவுன்சு என்று அலகை மாற்றிக்கொண்டே போகும். கல்லை நிறுத்தபோது தராசு கரட்டிலும், கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கிய பின்னர் கிராமிலும் இருந்திருக்க வேண்டும். ஒரு கரட் 0.2 கிராம். எனவே 12 கரட் என்பது 2.4 கிராம், அதை 0.60ஆல் வகுத்தால் 4.0. இது நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் சேர்ந்த குருந்தக் கனிமத்தின் அடர்த்தி. திரையின் மூலையில் சிறிய எழுத்தில் தெரியும் அலகை ஒவ்வொரு முறையும் பார்த்து, எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொண்டு, அளவீட்டை இன்னொரு முறை செய்யுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்லின் திணிவை, அது இடம்பெயர்க்கும் நீரின் திணிவால் வகுக்கும்போது கிடைப்பது சாரடர்த்தி. அதற்கு அலகே கிடையாது. இரண்டையும் கரட்டில் எடுத்திருந்தால் 12.00ஐ 3.00ஆல் வகுத்து அதே 4.0ஐப் பெற்றிருப்பீர்கள். இரண்டையும் பழைய மஞ்சாடி எடையில் எடுத்திருந்தாலும் விடை மாறாது. அலகு இறுதியில் கழிந்துபோகிறது என்பதற்காக அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று கொள்ளக்கூடாது. மேலும் கீழும் ஒரே அலகாக இருந்தால்தான் அது கழியும்.

4.0 வந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். உங்கள் தராசின் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலும் விடை ஏறத்தாழ 3.9க்கும் 4.1க்கும் இடையில் அலையும். 3.6 உள்ள ஸ்பினலிலிருந்தும், 3.5 உள்ள புஷ்பராகத்திலிருந்தும், 2.65 உள்ள படிகக் கல்லிலிருந்தும் உங்கள் கல்லைப் பிரித்தறிய அது போதும். ஆனால் ஆய்வுகூடத்தில் செயற்கையாக உருவாக்கப்படும் நீலக்கல்லுக்கும் அதே 4.0 அடர்த்திதான். அந்த ஐயத்தைத் தராசால் தீர்க்க முடியாது. உருப்பெருக்கியில் கல்லின் உட்புறத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடம், அல்லது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடத்தில் காட்ட வேண்டும்.

கேள்வி: இரண்டு பசுக்கள் வைத்திருக்கிறோம். காலையில் கறந்த பாலை அளவுக் கோடிட்ட வாளியில் பார்த்தால் 12 லீற்றர் இருக்கிறது. சேகரிக்கும் இடத்தில் தராசில் வைக்கிறார்கள், 11.9 கிலோகிராம் காட்டுகிறது. பற்றுச்சீட்டில் 11.55 லீற்றர் என்று எழுதுகிறார்கள். கிலோவிலும் குறைவு, லீற்றரில் அதைவிடக் குறைவு. ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, நானுஓயா

பதில்: அந்த வகுத்தலில் ஏமாற்று இல்லை, அம்மா. பால் நீரைவிடச் சற்று அடர்த்தியானது. ஒரு லீற்றர் பால் ஏறத்தாழ 1.03 கிலோகிராம் இருக்கும். ஆகவே 11.9ஐ 1.03ஆல் வகுத்து 11.55 லீற்றர் என்று எழுதியது முறையான கணக்கே. தராசு காட்டும் எண்ணை அப்படியே லீற்றர் என்று எழுதினால் உங்களுக்குச் சிறிது இலாபம் கிடைக்கும், ஆனால் அது சரியான அளவாகாது.

உண்மையான வினா வேறு. உங்கள் வாளியில் மெய்யாகவே 12 லீற்றர் பால் இருந்திருந்தால், தராசு 12.36 கிலோகிராம் காட்டியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட அரை லீற்றர் எங்கே போயிற்று? முதலில் ஐயப்பட வேண்டியது நுரையை. கறந்தவுடன் பாலின் மேலே நிற்கும் நுரை வாளியின் கோட்டை எட்டும், ஆனால் அதில் பெரும்பகுதி காற்றுதான். அடுத்தது வெப்பம். உடற்சூட்டில் உள்ள பால் சற்று விரிந்திருக்கும், ஆறியதும் சுருங்கும். இது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் அரை லீற்றருக்கு இதனால் மட்டும் விளக்கம் சொல்ல முடியாது. மூன்றாவது, பிளாஸ்ரிக் வாளியில் வார்த்திருக்கும் கோடுகள். அவற்றை அளவுக்கருவி என்று கொள்வதற்கில்லை. இம்மூன்றும் காரணமல்ல என்று உறுதி செய்த பின்னரே தராசின் மீது ஐயப்படலாம். அதற்கு எளிய வழி, வாளியை வெறுமையாகவும் பாலோடும் வேறொரு நல்ல தராசில் நிறுத்து, வித்தியாசத்தைக் கிலோகிராமிலேயே குறித்துக்கொண்டு, அங்கே காட்டும் கிலோகிராமுடன் ஒப்பிடுவது. வீட்டில் லீற்றரும் அங்கே கிலோவுமாக எத்தனை நாள் ஒப்பிட்டாலும் எதையும் நிரூபிக்க முடியாது. தராசுகளையும் அளவைகளையும் மேற்பார்வை செய்வதற்கென்று அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. வித்தியாசம் தொடர்ந்தால் அத்திணைக்களத்துக்கு முறையிடலாம்.

திரவத்தின் அலகு மாறும்போது மக்கள் தடுமாறுவது பாலில் மட்டுமன்று. 2021இல் சமையல் எரிவாயு 18 லீற்றர் என்ற பெயரில் ஒரு சிலிண்டரில் விற்பனைக்கு வந்ததும், அதில் இருந்தது 9 கிலோகிராமுக்குச் சற்றே அதிகமான வாயு என்று தெரிந்து சர்ச்சை எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதுவரை 12.5 கிலோகிராம் என்ற எண்ணுக்குப் பழகியிருந்த குடும்பங்களுக்கு 18 என்ற எண் பெரிதாகத்தான் தெரிந்திருக்கும்.

கேள்வி: வீடு திருத்துவதற்காக மணல் எடுத்தேன். லொறிப் பெட்டியின் நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணலின் உயரம் 1 அடி 8 அங்குலம். 10 × 6 × 1.8 என்று பெருக்கி, ஒரு கியூபுக்கு மேல் 8 கன அடி இருப்பதாகக் கூறிக் கூடுதல் பணம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. இவ்வளவு மணல் எத்தனை கிலோ இருக்கும் என்றும் கூறுங்கள்.
– வாசகர், பதுளை

பதில்: உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. அடிக்கு 12 அங்குலம். 8 அங்குலம் என்பது 0.8 அடி அன்று, மூன்றில் இரண்டு அடி. எனவே உயரம் 1.67 அடி, கனவளவு சரியாக 100 கன அடி, அதாவது ஒரு கியூப். இல்லாத 8 கன அடிக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதே முறையில் 1 அடி 10 அங்குலத்தை 1.10 என்று பெருக்கியிருந்தால் நட்டம் விற்றவருக்காக இருந்திருக்கும். அப்போது மட்டும் கணக்கைச் சரிபார்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

திணிவைக் காண அலகை மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் மணலின் அடர்த்தி கனமீற்றருக்குக் கிலோகிராமில் தரப்படுகிறது, உங்களிடம் இருப்பதோ கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர். ஆகவே ஒரு கியூப் 2.83 கனமீற்றர். உலர்ந்த மணலுக்குக் கனமீற்றருக்கு ஏறத்தாழ 1600 கிலோகிராம் என்று கொண்டால், சுமார் 4500 கிலோகிராம், அதாவது நான்கரைத் தொன். இந்த 1600 என்பது மணிகளுக்கு இடையிலுள்ள காற்றையும் சேர்த்த குவியலின் அடர்த்தி. மணல் மணியின் சொந்த அடர்த்தி 2650. எந்தக் கணக்குக்கு எந்த எண் என்பதைக் குழப்பிவிடக்கூடாது.

கனவளவில் மணல் வாங்குபவர் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். சிறிதளவு ஈரமான மணலில் மணிகளைச் சூழ்ந்த நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி நிறுத்துவதால், குவியல் கால்பங்கு வரைகூட ஊதிப்போகும். மழை அடிக்கடி பெய்யும் ஊரில் ஒரு கியூப் ஈர மணலில் ஒரு கியூப் உலர் மணலளவு மணல் இருக்காது. கலவை போடும் மேசன்மாருக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு ஐந்து என்ற கலவை விகிதம் கனவளவைக் குறிப்பது. 50 கிலோகிராம் சீமெந்துப் பை ஏறத்தாழ 35 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். ஐந்து மடங்கு மணல் என்றால் 175 லீற்றர், உலர்ந்த நிலையில் சுமார் 280 கிலோகிராம். பையின் 50ஐ ஐந்தால் பெருக்கி 250 கிலோ மணல் போதும் என்பது பொருந்தாக் கணக்கு.

கேள்வி: ஒரு கிலோ ஓ.பி. தேயிலை எங்கள் தகரப் பேணியில் கொள்ளவில்லை. அதே பேணியில் ஒரு கிலோ டஸ்ட் கொண்டு, மேலே இடமும் மிஞ்சுகிறது. நிறுவையில் ஏதும் வித்தியாசமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: நிறுவையில் இல்லை, இடைவெளியில்தான் வித்தியாசம். ஓ.பி. நீண்டு சுருண்ட இலை. ஒன்றன்மேல் ஒன்று விழும்போது நடுவில் காற்று நிறைந்திருக்கும். டஸ்ட் நுண்துகளாகையால் நெருங்கி அமரும். இதனாலேயே ஒரு கரண்டி தேயிலை என்ற அளவு வகைக்கு வகை மாறிவிடுகிறது. தேயிலைச் சுவைப் பரிசோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 3103 நியமம் கரண்டியைப் பற்றிப் பேசாமல், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் என்று திணிவில் விதிப்பதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: நுவரெலியாவில் நீரின் அடர்த்தியை அளந்தால் 0.999, கொழும்பில் நண்பர் அளந்தால் 0.996. உயரம் காரணமா?
– ஆசிரியர், நுவரெலியா

பதில்: உயரம் அன்று, வெப்பநிலை. 15 பாகை செல்சியசில் நீரின் அடர்த்தி 0.9991, 30 பாகையில் 0.9957. இருவரும் மிகக் கவனமாக அளந்திருக்கிறீர்கள். 1868 மீற்றர் உயரத்தில் அடர்த்தி கணிசமாகக் குறைவது காற்றுக்கே. நீர் அவ்வளவு எளிதில் அமுங்கவோ விரியவோ செய்யாது. அடர்த்தியைப் பதியும்போது வெப்பநிலையையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் லயன் கூரை 20 அடி நீளம், 12 அடி அகலம். ஓர் அங்குல மழை பெய்தால் எத்தனை லீற்றர் நீர் சேரும்? தோட்டத்தின் பழைய மழைக் குறிப்புகள் எல்லாம் அங்குலத்தில் உள்ளன.
– வாசகர், கொட்டகலை

பதில்: கூரைத் தகட்டின் சரிவு நீளத்தை எடுக்காமல், தரையில் அது மறைக்கும் பரப்பை எடுங்கள். அது 20 × 12 = 240 சதுர அடி என்றால், ஓர் அங்குலம் பன்னிரண்டில் ஓர் அடி என்பதால் கனவளவு 20 கன அடி, அதாவது சுமார் 566 லீற்றர். 240ஐ 1ஆல் பெருக்கி 240 கன அடி என்று எழுதினால், தொட்டியைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் கட்ட நேரிடும். இப்போது மில்லிமீற்றரில் மழை அளக்கப்படுவதால் கணக்கு எளிதாகிவிட்டது: ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். உங்கள் கூரை 22.3 சதுர மீற்றர், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், பெருக்கிப் பாருங்கள், அதே 566 வரும். ஓடுகளும் பீலியும் நனைவதிலும் சிந்துவதிலும் ஒரு பகுதி போய்விடும் என்பதால், 500 லீற்றர் தொட்டியே இதற்குப் பொருத்தமாக இருக்கும்.